ஸ்க்ரப்பர் டியூட்டிக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பினாங்கு பிறையில் ஒரு தொழிற்சாலைக்கு வேலையாகப் போயிருந்தேன். எண்ணெயில் ஓடும் பாய்லர். அதன் புகையிலிருந்து சல்ஃபர் டைஆக்சைடைக் காஸ்டிக் சோடா கரைசலால் கழுவுகிறார்கள். அப்படிக் கழுவும் டவர்தான் ஸ்க்ரப்பர். செப்சோ (ஸ்க்ரப்பர் இயக்குபவர்களுக்கான சான்றிதழ்) பயிற்சி முடித்துப் புதிதாக வந்த தம்பி காஸ்டிக்கைக் கூட்டிக் கரைசலின் பிஎச்சை 9.5இல் வைத்திருந்தார். "ஏன் தம்பி?" என்றேன். "சேஃப்டிக்குத்தாண்ணே" என்றார். இருபது வருடத்துக்கு முன் என் சூப்பர்வைசரிடம் நான் சொன்னதும் அதே பதில்தான்.

கையுறை, கண்ணாடி பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

பிஎச்சை ஏற்றிக்கொண்டே போவது

சல்ஃபர் டைஆக்சைடு தண்ணீரில் நன்றாகக் கரையும் வாயு. பிஎச் 7ஐ ஒட்டி இருந்தாலே சல்ஃபைட்டாகவும் பைசல்ஃபைட்டாகவும் மாறிக் கரைசலிலேயே தங்கிவிடும். 1 கிலோ வாயுவைச் சல்ஃபைட்டாக்க 1.25 கிலோ காஸ்டிக் போதும். பைசல்ஃபைட்டோடு நின்றால் அதில் பாதி.

புகையில் கார்பன் டைஆக்சைடும் இருக்கிறதே, அதை மறந்துவிடுகிறோம். சல்ஃபர் டைஆக்சைடு சில நூறு பிபிஎம் என்றால், இது 10 சதவீதத்தை ஒட்டி, நூறு மடங்குக்கும் மேல். பிஎச் 7இல் அது பெரும்பாலும் அப்படியே மேலே போய்விடும். 9ஐத் தாண்டினால் நீங்கள் ஊற்றும் காஸ்டிக்கைப் பெருமளவு தின்பது அதுதான். கார்பனேட்டாகி, ப்ளோடவுன் தண்ணீரோடு (உப்பு சேராமலிருக்க வெளியேற்றும் பழைய கரைசல்) வெளியே ஓடிவிடும்.

நான் அப்போது இருந்த இடத்தில் ஆழ்குழாய் நீர்தான் விட்டோம், கால்சியம் அதிகம். கார்பனேட்டோடு சேர்ந்து பேக்கிங் (புகையும் கரைசலும் நன்றாகக் கலக்க டவருக்குள் நிரப்பும் துண்டுகள்) முழுக்கச் சுண்ணாம்பாகப் படிந்தது. மூன்றே மாதம். டவரில் பிரஷர் டிராப் (புகை கடக்கும்போது ஏற்படும் அழுத்த இழப்பு) ஏறி, ஃபேன் இழுக்க முடியாமல் பாய்லரையே நிறுத்தினோம். பேக்கிங்கை வெளியே அள்ளிப் போட்டுச் சுத்தியலால் தட்டினோம். புகைபோக்கி ரீடிங்கைப் பழைய தாளோடு ஒப்பிட்டேன். 7இல் ஓட்டியதற்கும் 9.5இல் ஓட்டியதற்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. அத்தனை வெள்ளியும் வீண்.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. மிச்சப் படிவைக் கரைக்க, தொட்டியில் இருந்த பழைய கரைசலை வடிக்காமலே அமிலத்தை ஊற்றிவிட்டார்கள். சல்ஃபைட்டில் அமிலம் பட்டால், பிடித்து வைத்த வாயு அத்தனையும் திரும்பக் கிளம்பும். மேன்ஹோல் பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்தார். ஆனாலும் இன்றுவரை என் ஆத்திரம் அடங்கவில்லை. வடியுங்கள், தண்ணீரால் அலசுங்கள், அப்புறம்தான் அமிலம்.

புகைபோக்கியில் சல்ஃபர் டைஆக்சைடு ரீடிங் ஏறினால் உடனே காஸ்டிக் வால்வில் கை வைக்காதீர்கள். தண்ணீர் ஓட்டம் குறைந்ததா, நாசில் அடைத்ததா, பிஎச் புரோப் அழுக்கா என்று பாருங்கள். புரோப் பொய் சொல்லி, பிஎச் பின்னாலேயே நாள் முழுக்க அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சூடான புகையை நேரே டவருக்குள் விடுவது

முதலில் தண்ணீர் தெளித்து ஆற வையுங்கள்.

ப்ளோடவுனை மூடி வைப்பது

சல்ஃபைட் மெல்ல மெல்லச் சல்ஃபேட்டாகிக் கரைசலில் சேரும். சோடியம் சல்ஃபேட் 32 டிகிரிக்குக் கீழே வேகமாகக் கரைதிறன் இழக்கும். நம்மூர் ராத்திரியில் பம்ப் நின்றால் போதும், காலையில் பைப்புக்குள் உப்புக்கட்டி.

நீலப் புகைக்குக் காஸ்டிக் கூட்டுவது

அது கந்தக அமிலப் பனி. காஸ்டிக்குக்குச் சிக்காது.

கழிவை அப்படியே வடிகாலில் திறந்துவிடுவது

சல்ஃபைட் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். காற்றூட்டிச் சல்ஃபேட்டாக்கிய பிறகே விடுங்கள். பிறை ஆற்றில் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.