ஏப்ரலில் இங்கிலாந்துக் கிராமப்புறம்: பெங்களூரிலிருந்து செல்வோருக்கு

பிள்ளைகளைப் பார்க்க அல்சூரிலிருந்தும் இந்திராநகரிலிருந்தும் செல்லும் நம்மவர்கள் பலர் லண்டனைச் சுற்றிவிட்டு வீட்டுக்குள் அடைந்துவிடுகிறார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை அங்கிருப்பவர்கள் ஒரு நாளையாவது பழமையான காடு ஒன்றுக்கு ஒதுக்க வேண்டும். மரங்கள் தளிர்த்து நிழல் கவிவதற்கு முன் கிடைக்கும் வெளிச்சத்தில் புளூபெல் பூக்கள் தரையை நீலமாக மூடிவிடுகின்றன. மிதிபட்ட செடி மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் பாதையை விட்டு இறங்காதீர்கள். அங்கே பூண்டு மணந்தால் திகைக்க வேண்டாம், அது காட்டுப்பூண்டு. ஓர் இலையைக் கசக்கினால் ரசத்துக்குப் பூண்டு தட்டிய கையின் வாசம் வரும். ஆனால் அதைப் போன்ற நச்சிலைகளும் உண்டு. பறித்துச் சமைக்கும் ஆசை வேண்டாம்.

வேலியோரம் இலையின்றி வெண்பூக்களோடு நிற்பது பிளாக்தார்ன் என்னும் முட்புதர். கப்பன் பூங்காவில் இலையுதிர்த்துப் பூக்கும் டபேபுயாவைப் பார்த்த கண்ணுக்கு அது பிடிபடும். இலைவிட்ட பின் மே மாதத்தில் பூப்பது ஹாதார்ன்.

சூரியோதயத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே பறவைகள் பாடத் தொடங்கும். மே தொடக்கத்தில் அது அதிகாலை நாலரை மணி; மார்கழியில் திருப்பாவைக்கு எழுந்தவர்களுக்கு இது பெரிதன்று. கம்பளியும் ஃபிளாஸ்கில் காபியும் மறவாதீர்கள்.

தனியார் வயல்களின் ஊடாகவும் பொது நடைபாதைகள் உண்டு; மஞ்சள் அம்புக்குறியைப் பின்பற்றுங்கள். மூடியிருந்த கதவை, ஆட்டுக்குட்டிகள் வெளியேறாதபடி, மீண்டும் மூடிவிட்டு நடங்கள்.