ஆடாசிட்டி 2இலிருந்து 3க்கு: வீட்டில் பாட்டுப் பதிவு செய்வோர் மாறும் முறை

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டின் பின்னறையில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பாட்டு வகுப்புகளையும் பஜனைகளையும் பதிவு செய்து வருகிறேன். அத்தனை ஆண்டுகளும் ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளின் 2ஆம் வரிசைப் பதிப்புகளிலேயே வேலை ஓடியது. எஸ்.பி. ரோட்டில் புதுக் கணினி வாங்கிய பிறகுதான் 3ஆம் வரிசைக்கு மாற நேர்ந்தது. அது 2021 மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். திரையின் தோற்றம் மாறியது ஒரு பொருட்டே அல்ல, இரண்டு நாளில் கண் பழகிவிடும். பழைய பதிவுகளைத் திறக்கும் விதமும், விரல் தானாகப் போய் அழுத்தும் விசைகளும்தான் கவனம் கேட்பவை.

முதலில் நாள் பார்க்க வேண்டும். கையில் பாதி முடிந்த வேலை இருக்கும்போது மாறக் கூடாது. சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரிகள் நடக்கும் பருவத்தில் எனக்கும் பதிவு வேலைகள் குவிந்துவிடும் என்பதால், அவற்றையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு மே மாதத்தில்தான் புதிய பதிப்பை நிறுவினேன்.

பழைய பதிப்பை உடனே அழித்துவிட வேண்டாம். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸில் இரண்டு பதிப்புகளும் தங்கள் அமைப்புகளை ஒரே கோப்புறையிலிருந்து படிப்பதால், ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றைக் குழப்பும். இதைத் தவிர்க்க, 2.4.2 பதிப்பின் ஜிப் கோப்பைத் தனி இடத்தில் விரித்து, அதன் செயலிக் கோப்பு இருக்கும் இடத்திலேயே ‘போர்ட்டபிள் செட்டிங்ஸ்’ என்னும் பெயரில், ஆங்கில எழுத்தில், இரு சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு, ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கினால் போதும். பழைய பதிப்பு அதன் பிறகு தன் அமைப்புகளை அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நீங்களே மாற்றி வைத்த ஷார்ட்கட் விசைகள் இருந்தால், புதியதை நிறுவுமுன் விருப்பத்தேர்வுகளில் கீபோர்டு பகுதிக்குச் சென்று அவற்றை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பழைய பதிவுகள். 2ஆம் வரிசையில் ஒரு ப்ராஜெக்ட் என்பது ஏயுபி என்ற சிறிய கோப்பும், அதே பெயருடன் ‘டேட்டா’ என்று முடியும் ஒரு கோப்புறையும் சேர்ந்தது. உண்மையான ஒலி முழுவதும் அந்தக் கோப்புறைக்குள் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடக்கும். ஏயுபி கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய், அங்கே திறந்து, வெறும் மௌனத்தைக் கேட்டு விழித்தவர்கள் என்னைப் போல் பலர் இருப்பார்கள். 3ஆம் வரிசையில் எல்லாம் ஏயுபி3 என்னும் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளே அது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவம். பழைய ப்ராஜெக்ட்டைப் புதிய பதிப்பில் திறந்தால் அது ஒலியைப் புதிய வடிவுக்குப் படியெடுத்துக்கொள்கிறது, பழையதைத் தொடுவதில்லை. ஆனால் ஏயுபி3ஆகச் சேமித்ததை 2.4.2இல் திறக்க இயலாது. ஆகையால் பழைய கோப்பையும் அதன் டேட்டா கோப்புறையையும் சேர்த்து வேறொரு வட்டில் நகலெடுத்த பின்னரே மாற்றத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. திருத்தம் முடிந்துபோன பழைய வகுப்புகளை வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்தாலே போதும். மீண்டும் கை வைக்கப்போகும் பதிவுகளை மட்டும் மாற்றினால் நேரமும் இடமும் மிச்சம்.

ஒரே கோப்பு என்பது வசதிதான், அதற்கும் ஒரு விலை உண்டு. 44,100 ஹெர்ட்ஸில் 32-பிட் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.27 ஜிபி ஆகும். கடையில் வாங்கும் சிறிய பென் டிரைவ்கள் பல எஃப்ஏடி32 வடிவில் இருக்கின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கணக்குப் போட்டால் மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வருகிறது. மங்களம் வரை முழுதாகப் பதிந்த ஒரு நீண்ட கச்சேரி அதில் ஏறாது. பழைய முறையில் துண்டு துண்டாகக் கிடந்ததால் இந்தத் தடை நமக்குத் தெரியாமலே இருந்தது. பதிவை எப்போதும் கணினியின் சொந்த வட்டிலேயே செய்து, ப்ராஜெக்ட்டை மூடிய பிறகு, இந்த 4 ஜிபி வரம்பில்லாத எக்ஸ்ஃபேட் வடிவிலுள்ள டிரைவுக்கு நகலெடுங்கள். ப்ராஜெக்ட் திறந்திருக்கும்போது அதன் அருகே ‘டபிள்யூஏஎல்’ என்று முடியும் ஒரு துணைக் கோப்பு தோன்றும். குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள், இன்னும் எழுதி முடிக்காத ஒலி அதில் இருக்கக்கூடும்.

அடுத்தது கைப்பழக்கம். ஒரு துண்டை முன்னும் பின்னும் நகர்த்த எஃப்5 விசையை அழுத்தி டைம் ஷிஃப்ட் கருவியை எடுத்துப் பழகியவர்கள், 3.1 பதிப்பு முதல் அந்தக் கருவியே இல்லை என்பதை அறிய வேண்டும். இப்போது க்ளிப் எனப்படும் ஒவ்வொரு ஒலித் துண்டின் தலையிலும் பெயர் எழுதிய ஒரு பட்டை இருக்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் க்ளிப் நகரும். முக்கியமில்லாத ஒரு பதிவை எடுத்துக்கொண்டு, நான்கைந்து இடத்தில் வெட்டி, அரை மணி நேரம் அங்குமிங்கும் இழுத்துப் பழகுங்கள். எனக்கு ஒரு வாரம் வரை விரல் எஃப்5ஐத் தேடிக்கொண்டே இருந்தது.

க்ளிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினால் அந்தப் பகுதி மறைந்துவிடும். வெளியே இழுத்தால் திரும்பி வரும். பைரவி வர்ணத்தின் கடைசி வரி முடியும் தறுவாயில் சமையலறைக் குக்கர் விசிலடித்தபோது, அந்த ஓரத்தை அணு அணுவாகத் தள்ளி, ஸ்வரத்தின் கார்வை அறுபடாமல் விசிலை மட்டும் மறைக்க முடிந்தது. பழைய பதிப்பில் இதற்குப் பத்து முறை வெட்டி, பத்து முறை அன்டூ செய்திருப்பேன். ஆனால் மறைந்தது அழிந்ததாகாது, அந்த ஒலி கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆசிரியை ஒரு மாணவியைக் கடிந்துகொண்ட இரண்டு நிமிடத்தை இப்படி மறைத்துவிட்டு, ப்ராஜெக்ட்டையே அவள் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்; அவளுடைய அண்ணன் ஓரத்தை இழுத்துப் பார்த்து முழுவதையும் கேட்டுவிட்டான். பிறருக்குக் கொடுக்கும்போது வேவ் அல்லது எம்பி3ஆக ஏற்றுமதி செய்ததை மட்டுமே கொடுங்கள்.

எஃபெக்ட்டுகளைப் பொறுத்தவரை 3.2 பதிப்பு பெரிய மாற்றம். முன்பு மெனுவிலிருந்து ரிவெர்ப் (எதிரொலிப்பு) போட்டால் அலைவடிவமே மாறிவிடும். இப்போது ட்ராக்கின், அதாவது ஒலி வரிசையின், இடப்பக்கத்திலுள்ள எஃபெக்ட்ஸ் பொத்தானை அழுத்தி, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்க்கலாம், குறைக்கலாம், எடுத்தும் விடலாம். பழைய மெனு முறையும் அப்படியே இருப்பதால், பழக்க தோஷத்தில் அங்கே ஒரு முறையும் இங்கே ஒரு முறையும் போட்டுவிட்டு, குரல் ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று யோசிக்க நேரும். இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் மட்டும் இன்னும் மெனு வழியாகத்தான் வேலை செய்யும். அதை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றை ட்ராக்கில் அடுக்குவது என் முறை. மைக்கையும் ஸ்பீக்கரையும் தேர்ந்தெடுக்கும் பட்டை காணவில்லையே என்று தேடுபவர்கள் ஆடியோ செட்டப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும்.

ஒரு ட்ராக்கைக் கேட்டுக்கொண்டே அதன் மேல் மற்றொன்றைப் பதிபவர்கள், உதாரணமாகப் பாட்டுக்குப் பின்னர் மிருதங்கம் சேர்ப்பவர்கள், பதிவு பின்தங்குவதை ஈடுகட்டும் தாமத அளவை மீண்டும் சரிபார்த்தே ஆக வேண்டும். புதிய கணினியில் அது கழித்தல் 130 மில்லி விநாடி என்னும் இயல்பு அளவில் நிற்கும். ஜெனரேட் மெனுவில் ரிதம் ட்ராக் ஒன்றை உருவாக்கி, ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கின் மேல் வைத்து, அந்தத் தட்டொலியையே இரண்டாம் ட்ராக்கில் பதியுங்கள். பிறகு நன்றாகப் பெரிதாக்கி, மேல் ட்ராக்கின் ஒரு தட்டின் தொடக்கத்திலிருந்து கீழ் ட்ராக்கின் அதே தட்டின் தொடக்கம் வரை தேர்ந்தெடுத்தால், கீழேயுள்ள பட்டையில் இடைவெளி மில்லி விநாடியில் தெரியும். எனக்கு 42 மில்லி விநாடி பின்தங்கியிருந்தது. அளவைக் கழித்தல் 172 என்று மாற்றி மறுபடி பதிந்ததும் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. ப்ளூடூத் ஹெட்ஃபோனை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அதன் தாமதமே தனி.

மாணவர்கள் போனில் பதிந்து அனுப்பும் எம்4ஏ கோப்புகள் விண்டோஸில் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைத் தனியாக நிறுவ வேண்டும். புதிய பதிப்பு 64-பிட் என்றால் அதுவும், நீங்கள் பயன்படுத்தும் ப்ளக்-இன்களும் (கூடுதலாகச் சேர்க்கும் எஃபெக்ட் நிரல்கள்) 64-பிட்டாகவே இருக்க வேண்டும். பழைய 32-பிட் ப்ளக்-இன்கள் பட்டியலிலேயே வராது. மேகச் சேமிப்பு வசதியை நான் தொடவில்லை. தாள அளவில் கால அளவுகோலைக் காட்டும் 3.4இன் வசதி, க்ளிக் என்னும் தாளத் தட்டொலி இல்லாமல் தம்பூராவோடு பாடுபவர்களுக்கு உதவாது. நிமிடம், விநாடி என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான் மிகவும் விரும்பியது லூப் வசதி. மேலேயுள்ள கால அளவுகோலில் ஒரு சங்கதியின் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகளுள் ஒன்றின்) நீளத்துக்கு இழுத்துவிட்டு, லூப் அணைந்திருந்தால் எல் விசையால் இயக்கிவிட்டால், ஓடவிட்டதும் அந்த இடம் மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். முன்பு பாடத்தைத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே மௌஸைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளிய மாணவர்கள், இப்போது இரண்டு கையும் காலியாக உட்கார்ந்து அந்த ஒரு சங்கதியையே இருபது முறை பாடுகிறார்கள். பழைய 2.4.2 இன்னும் அதன் கோப்புறையில் இருக்கிறது. மாற்றாமல் விட்ட ஏழெட்டு ப்ராஜெக்ட்டுகள் முடிந்ததும் அதை எடுத்துவிடுவேன்.