போடிமெட்டு ஏறும்போது வாந்தி வராமல் இருக்க

போடியிலிருந்து பூப்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவும் முடிந்தால்தான் போடிமெட்டு. புதிதாக வருகிறவர்களில் யாராவது ஒருவர் வழியில் வாயைப் பொத்திக்கொள்வார்.

முதலில் இடத்தைப் பிடியுங்கள். பின்னால் எதிரெதிரே போட்ட சீட் வேண்டாம். என் பக்கத்து முன் சீட்டே நல்லது. உள்காது வண்டி திரும்புவதை உணர்கிறது. கண்ணோ மடியில் இருக்கும் போனைப் பார்த்துவிட்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டுகிறது. போனை உள்ளே வைத்துவிட்டுத் தூரத்து ரோட்டைப் பாருங்கள். டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? அடுத்த வளைவு எங்களுக்கு முன்னாலேயே தெரியும்.

வெறும் வயிறும் ஆகாது, பரோட்டா சால்னாவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். அவோமின் மாத்திரையை முந்தலில் வந்து போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். சிலர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவார்கள். வரட்டும், கெடுதல் இல்லை.

அப்படியும் வந்துவிட்டால் தலையை வெளியே நீட்டாதீர்கள், எதிரே லாரி வரும். சொல்லுங்கள், நிறுத்துகிறேன். அப்புறம் வாய் கொப்பளித்துவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உடனே டீ வேண்டாம்.