செவ்வாய் ரோவர் படங்கள்: முதலில் பெயரைப் படியுங்கள்

செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் என்ற இரண்டு ரோவர்களும் (ஆய்வு ஊர்திகள்) எடுக்கும் படங்களை, பூமிக்கு வந்துசேர்ந்த கையோடு நாசா பொதுவில் போட்டுவிடுகிறது. அந்தந்த ரோவரின் பக்கத்தில் 'ரா இமேஜஸ்' என்ற பகுதியைத் திறந்தால் போதும். கட்டணம் கிடையாது, பதிவும் வேண்டாம். ஆனால் அங்கே குவிந்திருக்கும் படங்களில் எது எதைக் காட்டுகிறது என்று புரியாமல் பலர் இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன் கோப்பின் பெயரைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அதற்கு முன் நாள்கணக்கு. செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அதற்குப் பெயர் 'சோல்'. தரையிறங்கிய நாள் சோல் 0. கியூரியாசிட்டி 2012 ஆகஸ்ட் 6 அன்று கேல் பள்ளத்தில் இறங்கியது. பெர்சிவியரன்ஸ் 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசெரோ பள்ளத்தில். ஆகவே இரண்டுக்கும் சோல் எண் வேறு. ஒரு தேதிக்கு உரிய சோல் வேண்டுமானால், இறங்கிய நாளிலிருந்து ஆன நாட்களை 1.0275ஆல் வகுங்கள். பெர்சிவியரன்ஸுக்கு 2026 ஜனவரி 1 வரை 1,778 நாள். வகுத்தால் சுமார் 1,730. ஒன்று முன்பின் ஆகலாம். ஜெசெரோவில் நண்பகல் என்றால், 60 பாகை கிழக்கே இருக்கும் கேலில் மாலை நாலு மணி என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு ரோவர்களின் நிழல்களை ஒப்பிடும்போது உதவும்.

இனி பெயர்கள். பெர்சிவியரன்ஸ் கோப்பில் முதல் எழுத்துகள் கேமராவைச் சொல்லும். 'என் எல்' என்றால் இடது நேவ்கேம் (வழி பார்க்கும் கேமரா), 'என் ஆர்' வலது. 'எஃப்' முன்பக்க ஹாஸ்கேம் (அருகிலுள்ள தடைகளைப் பார்க்கும் கேமரா), 'ஆர்' பின்பக்க ஹாஸ்கேம். 'இசட் எல்', 'இசட் ஆர்' இரண்டும் மாஸ்ட்கேம்-இசட், அதாவது கம்பத்தின் மேல் உள்ள ஜூம் கேமரா. மாஸ்ட்கேம்-இசட் பெயரில் அடுத்து வரும் இலக்கம் வடிகட்டியின் எண். 0 என்றால் சாதாரண வண்ணப்படம். 7 என்றால் சூரிய வடிகட்டி, அதாவது கேமரா சூரியனைப் பார்த்திருக்கிறது. செவ்வாயின் நிலவான போபோஸ் சூரியனைக் கடக்கும் காட்சிகளைத் தேடுகிறவர்கள் இந்த 7ஐத்தான் பிடிக்க வேண்டும். பிறகு நாலிலக்கத்தில் சோல், அதன்பின் பத்திலக்கத்தில் ரோவரின் கடிகாரம். பெயரின் பின்பாதியில் 0340, 1100 போன்ற எண் வந்தால் அது ஜூம்: 34 மில்லிமீட்டர், 110 மில்லிமீட்டர்.

கடிகார எண்ணைச் சும்மா விடாதீர்கள். அது ஏறத்தாழ 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து எண்ணிய விநாடிகள். ஒரே திசையில் அடுத்தடுத்து எடுத்த நேவ்கேம் படங்களின் எண்களைக் கழித்தால் இடைவெளி கிடைக்கும். சில விநாடிகளோ நிமிடங்களோ விட்டு ஒரே காட்சி திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் புழுதிச் சுழலையோ மேகத்தையோ தேடியிருக்கிறார்கள். அந்த வரிசையை அப்படியே ஒரு ஜிஃப் ஆக்கிப் பாருங்கள். தனிப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத சுழல் நகரும்போது தெரிந்துவிடும்.

கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேம் பெயரில் சோல்தான் முதலில். பின் 'எம் எல்' (34 மில்லிமீட்டர் லென்ஸ்) அல்லது 'எம் ஆர்' (100 மில்லிமீட்டர்). கடைசிப் பகுதியில் 'ஐ' இருந்தால் அது சிறு மாதிரிப் படம் மட்டுமே. முதலில் வருவது இதுதான். முழுப்படம் பல நாள் கழித்தும் வரலாம். 'படம் மங்கல்' என்று புலம்பும் முன் இந்த எழுத்தைப் பாருங்கள். 'சி' என்றிருந்தால் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், நெருங்கிப் பார்த்தால் சதுரங்கக் கட்டம் போலத் தெரியும். பழுது அல்ல. வண்ணம் பிரிக்கப்படாத பேயர் கட்டம் அது. டிபேயர் (இந்தக் கட்டத்திலிருந்து நிறத்தைப் பிரித்தெடுக்கும்) வசதியுள்ள மென்பொருளில் போட்டால் நிறம் வரும்.

ஹூகின் மென்பொருளில் அகலப்படம் ஒட்டுகிறீர்களா? இந்தக் கோப்புகளில் லென்ஸ் விவரம் இருக்காது, பார்வைக்கோணத்தை நாமே தட்ட வேண்டும். கியூரியாசிட்டி நேவ்கேமுக்கு 45 பாகை. இடது, வலது கேமராக்களைக் கலக்காதீர்கள்: இரண்டுக்கும் இடையே 42 செ.மீ. தள்ளியிருப்பதால் அருகிலுள்ள பாறைகள் இரட்டையாகத் தெரியும். பெர்சிவியரன்ஸ் நேவ்கேம் படங்கள் சில சமயம் துண்டு துண்டாக வரும். ஒரே கடிகார எண் உள்ள துண்டுகளைத்தான் சேர்க்க வேண்டும்.

விநோத வெளிச்சம் ஏதாவது கண்ணில் பட்டால் ஜோடிப் படத்தைத் திறவுங்கள். 2014 ஏப்ரல் 3 அன்று கியூரியாசிட்டியின் வலது நேவ்கேம் படத்தில் தொடுவானத்தருகே ஒரு வெண்பொட்டு, இணையம் அமளிப்பட்டது. ஒரு விநாடிக்குள் எடுத்த இடது படத்தில் அது இல்லை. காஸ்மிக் கதிர் உணரியில் பட்டிருக்கலாம், அல்லது பாறையில் சூரிய ஒளி மின்னியிருக்கலாம் என்று விளக்கம் வந்தது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், ஏனோ யாரும் செய்வதில்லை.

படம் எப்போது வரும்? ரோவர்கள் பெரும்பாலும் தலைக்கு மேலே கடக்கும், செவ்வாயைச் சுற்றிவரும் சுற்றுக்கலங்கள் வழியாகத்தான் தரவை அனுப்புகின்றன. விண்கலங்களோடு பேசும் நாசாவின் ஆண்டெனா வலையமைப்புக்கான 'டிஎஸ்என் நவ்' பக்கத்தில் கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா ஆண்டெனாக்கள் அந்த நொடியில் எதோடு பேசுகின்றன என்று தெரியும். 'எம்ஆர்ஓ' (அப்படியொரு சுற்றுக்கலம்) என்று இருந்தால் ரோவர் படங்களும் அதில் வந்துகொண்டிருக்கலாம். 'எம்எஸ்எல்' (கியூரியாசிட்டி) அல்லது 'எம்20' (பெர்சிவியரன்ஸ்) என்று நேரடியாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் அன்றைய வேலைக்கான கட்டளை மேலே போகும் நேரம், படத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே காணும் நேரம் உலக நேரமாக இருந்தால் 5.30 மணி கூட்டினால் நம் நேரம்.

திட்டக் குழுவின் குறிப்புகளையும் கூடவே படியுங்கள். எந்தப் பாறை, எதற்காக என்பது அங்கேதான் கிடைக்கும். வார இறுதிக்கு வெள்ளியன்றே பல சோலுக்குத் திட்டம் போட்டுவிடுவார்கள். இருக்கிற இடைவெளிகளிலேயே பெரியது, சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போகும்போது வருவது. ஏறக்குறைய இரண்டு வாரம் கட்டளை அனுப்ப மாட்டார்கள். ரோவர் நின்ற இடத்தில் நின்று வானிலை பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் பக்கத்தைத் திரும்பத் திரும்ப ரிஃப்ரெஷ் செய்து பயனில்லை.