கேஷும் காசும் ஒண்ணா? இங்கிலிஷ் சொல்லோட பூர்வீகம் தேடுற வழி

எஸ்பிஎம் பரீட்சைக்கு வோர்ட் லிஸ்ட்ட மனப்பாடம் பண்ற பிள்ளைங்க இத ஒரு தடவ செஞ்சு பாருங்க, ஒரு சொல்லு தேடப் போனா கூடவே மூணு நாலு ஒட்டிக்கிட்டு வரும்.

மொதல்ல அந்தச் சொல்லு எந்த வாக்கியத்துல வந்துச்சோ அத முழுசா எழுதிக்கோங்க, இல்லன்னா வேற அர்த்தத்துக்குப் போயிடுவீங்க. அப்புறம் மெரியம் வெப்ஸ்டர் இங்கிலிஷ் அகராதிய ஓப்பன் பண்ணுங்க, ஆன்லைன்ல ஃப்ரீதான். அர்த்தத்தப் படிச்சதும் மூடிடாம கீழ இறங்குங்க, எட்டிமாலஜின்னு ஒரு பகுதி இருக்கும், சொல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுலதான் இருக்கும்.

உதாரணத்துக்கு கேஷ். பினாங்கு லிட்டில் இந்தியாவுல யார்கிட்ட கேட்டாலும் "அது நம்ம காசுதான்லா"ம்பாங்க. அகராதிலயோ ஒரே ஸ்பெல்லிங்ல ரெண்டு கேஷ், தனித்தனியா நம்பர் போட்டு இருக்கும். நாம கடையில குடுக்குற கேஷ் ஃபிரெஞ்சு, இத்தாலி வழியா வந்தது, மூலம் லத்தீன் காப்ஸா, அதாவது பெட்டி, இங்கிலிஷ்லயும் ஆரம்பத்துல பணப்பெட்டிதான் (நம்ம கல்லாப்பெட்டி மாதிரின்னு வச்சிக்கோங்க), பிறகுதான் உள்ள இருக்குற பணத்துக்கே அந்தப் பேரு வந்துச்சு. கேஷியர், சாமான் வைக்கிற கேஸ், மருந்து கேப்ஸ்யூல் எல்லாம் இதே காப்ஸா குடும்பம். இன்னொரு கேஷ் தென்னிந்தியா, சீனா பக்கம் ஓடுன சில்லறை நாணயம், அதுதான் நம்ம காசு, போர்த்துகீசியர் வாய் வழியா போனது. ரெண்டுமே 16ஆம் நூற்றாண்டு கடைசிலதான் இங்கிலிஷ்ல தலைகாட்டுது, அதனால வருஷத்த மட்டும் பார்த்தா பிரிக்க முடியாது, அர்த்தத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

எட்டிமாலஜி வரிய படிக்கும்போது பக்கத்து மொழில தொடங்கி பழைய மொழிக்குப் பின்னால போகும்னு ஞாபகம் வச்சிக்கோங்க. நடுவுல 'ப்ராபப்லி', 'பெர்ஹேப்ஸ்'னு இருந்தா அவங்களுக்கே உறுதி இல்ல, நீங்களும் அடிச்சுப் பேசாதீங்க.

கட்டுமரத்துலேர்ந்து போன கட்டமரான், சுருட்டுலேர்ந்து போன செரூட், மிளகுத்தண்ணிலேர்ந்து போன மலிகடானி சூப், இதுக்கெல்லாம் வாட்ஸ்அப் ஃபார்வர்ட் தேவையே இல்ல, அகராதியே தமிழ்னு சொல்லுது. அமோக் (வெறி பிடிச்சு ஆடுறது) மாதிரி மலாய் சொல்லா இருந்தா, மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசாவோட பிஆர்பிஎம் அகராதித் தளத்துல 'அமுக்'னு தட்டி மலாய்ல என்ன அர்த்தம்னும் பார்த்துடுங்க. நம்ம பக்கத்துச் சொல்லுங்களுக்கு 1886ல வந்த ஹாப்சன் ஜாப்சன்னு ஒரு அகராதி இருக்கு, படிக்க செம ஜாலி, ஆனா ரொம்பப் பழசு, அதுல பார்த்தத புது அகராதிலயும் ஒரு தடவ செக் பண்ணிக்கோங்க.