மாத்திரை அட்டையைப் படம் எடுத்து வையுங்கள்

வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை, பெயரும் மில்லிகிராமும் தெரிகிற பக்கமாகத் திருப்பி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அவசரப் பிரிவில் "என்ன மாத்திரை எடுக்கிறாங்க?" என்று கேட்கும் நர்ஸிடம் "வெள்ளையா, சின்னதா ஒண்ணு" என்றால் பாவம், அவர் என்ன செய்வார்? முக்கியமாக, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டிய, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா என்பதே அதைப் பொறுத்து மாறலாம்.

கடையில் வெட்டிக் கொடுத்த துண்டில் சில சமயம் பெயரே இருக்காது. அப்போது டாக்டர் சீட்டைப் படம் எடுங்கள். மருந்து மாறினால் பழைய படத்தை அழித்துவிடுங்கள். விஷமோ, அளவு மீறி மாத்திரையோ விழுங்கியிருந்தால் படம் போதாது, டப்பாவையே கொண்டுபோங்கள். மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் முதலில் 108, படமெல்லாம் அப்புறம்.