சின்ன 'எல்' எழுத்தா, எண் ஒன்றா? நிரலுக்கு எழுத்துரு பார்க்கும் விதம்

எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று கண் டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு ஜாவா நிரல் சொல்லிவிட்டது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டிய சர்வர் ஒரே நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்துக்கொண்டிருந்தது. நொடிக் கணக்கு எழுதிய வரியைப் பார்த்தால் 601. யாரோ மொய் எழுதுவது மாதிரி ஒன்று கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து வேறு இடங்களில் தேடினேன். ராத்திரி பதினொரு மணிக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது வெறும் 60. பின்னால் இருந்தது சின்ன எல். ஜாவாவில் 'இது லாங் வகை', அதாவது பெரிய முழு எண், என்று காட்டப் போடுகிற எல்.

ரகரத்தையும் காலையும் இடம் பார்த்தே பிரித்துப் படிக்கப் பழகியவர்கள் நாம். நிரலில் அந்த ஊகம் செல்லாது. எழுத்துருதான் (ஃபான்ட்) பிரித்துக் காட்ட வேண்டும்.

மறுநாளே ஒரு சோதனைக் கோப்பு உருவாக்கினேன். முதல் வரியில் எண் 1, சின்ன எல், பெரிய ஐ, செங்குத்துக் கோடு | நான்கும் இடைவெளி இல்லாமல். அடுத்த வரியில் 0, பெரிய ஓ, 8, பெரிய பி, 5, பெரிய எஸ். மூன்றாவதில் ( { [ . , ; : ' ` என்று குறிகள். அதன் கீழே நம்முடைய சொந்த நிரலிலிருந்தே இருபது வரி. எழுத்துருக்காரர்கள் காட்டும் மாதிரிப் படத்தை நம்பாதீர்கள். பெண் பார்க்கும் படலத்தில் எல்லோரும் அழகுதான். நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப் படியுங்கள். முக்கியமாக, கண் களைத்த சாயங்காலத்தில் படியுங்கள்.

பூஜ்யத்துக்குள் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்பதுதான் முதல் வடிகட்டி. கன்சோலாஸ் என்ற எழுத்துருவில் குறுக்குக் கோடு, சோர்ஸ் கோட் புரோ எழுத்துருவில் புள்ளி. கூரியர் நியூவில் ஒன்றுமே இல்லை. போதாததற்கு அது மெலிந்த எழுத்து. கூரியர் தட்டச்சு இயந்திரத்துக்காக 1950களில் ஐபிஎம்மில் பிறந்தது. காகிதத்தில் ரிப்பன் மை கொஞ்சம் பரவி எழுத்துக்குச் சதை கொடுக்கும், திரையில் அதற்கு வழியில்லை.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். 14 என்று போட்டால் எல்லா எழுத்துருவும் ஒரே அகலத்தில் வராது. 14 பிக்சலில் நூறு எழுத்து கொண்ட வரி கன்சோலாஸில் சுமார் 770 பிக்சல், ஜெட்பிரெயின்ஸ் மோனோவில் 840. 2020இல் வந்த இந்த ஜெட்பிரெயின்ஸ் மோனோவில் சின்ன எழுத்துகள் உயரமானவை. என் கண்ணாடிக்கு அது ஒத்துவந்தது. ஆனால் 1366 பிக்சல் மடிக்கணினியில் திரையை இரண்டாகப் பிரித்து வேலை செய்கிற ஆளாக இருந்தால், நானே கன்சோலாஸைத்தான் சொல்வேன்.

ஃபிரா கோட் மாதிரியான எழுத்துருக்களில் != என்று அடித்தால் ≠ என்று ஒட்டிக் காட்டும். அழகுதான். அந்த ஒட்டும் வசதியை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என் திரையைப் பார்த்து, "அண்ணா, இந்தக் குறி எந்தக் கீயில இருக்கு?" என்று கேட்டான், அன்றோடு சரி.

நிரலுக்குள் தமிழ்க் குறிப்புகள் எழுதுபவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மேலே சொன்ன எதிலும் தமிழ் எழுத்து இல்லை. கணினி தானாக வேறொன்றை எடுத்து ஒட்டும். அதை அதன் இஷ்டத்துக்கு விடாமல், நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோட் அமைப்பில் எழுத்துருப் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டு, விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ பெயரையும் சேர்த்துவிடுங்கள். பிறகு 'கூழு' என்று இரண்டு வரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்துப் பாருங்கள். வால் கீழ்வரியில் இடித்தால் வரி உயரத்தைக் கூட்டுங்கள். 15 அளவுக்கு எனக்கு 24 போதுமானதாக இருந்தது. ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்க இடைவெளி விட்டு அடுக்கிய குறிப்புகள் தமிழில் கோணலாகத்தான் நிற்கும், ஔவும் டவும் ஒரே அகலத்தில் அடங்காது. அதற்கு நான் மருந்து தேடுவதை விட்டுவிட்டேன்.